பொள்ளாச்சி கடல் மட்டத்திலா இருக்கிறது?

கேள்வி: கோவையிலிருந்து வால்பாறைக்கு சைக்கிளில் போக லேப்டாப்பில் பாதை போட்டு, ஏற்ற இறக்க வரைபடம் பார்த்தேன். கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கம் உயரம் பூஜ்ஜியம் மீட்டர் என்கிறது. ஆழியாறு தாண்டினால் கோடு படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடட்டுமா?
- வாசகர், கோவை

பதில்: சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். அது உயர ஃபைல்களைச் சேமித்து வைத்திருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி, ரேடாரில் அளந்த உயரங்கள்தான் பெரும்பாலும் இந்த ஃபைல்களில் இருப்பவை. ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டம். கட்டத்துக்கு ஒரு ஃபைல். கட்டத்தின் தென்மேற்கு மூலைதான் ஃபைலின் பெயர். 11 டிகிரி வடக்கும் 77 டிகிரி கிழக்கும் வெட்டிக்கொள்ளும் புள்ளி உங்கள் ஊருக்குள்ளேயே விழுகிறது! அதனால் இந்தப் பாதைக்கே மூன்று ஃபைல் வேண்டும். கோவைக்கு ‘என்11இ076’ (N11E076; என் வடக்கு, இ கிழக்கு), பொள்ளாச்சிக்கு ‘என்10இ077’, ஆழியாறு, வால்பாறைக்கு ‘என்10இ076’. நடுவில் சொன்னது உங்களிடம் இருக்காது. இல்லாததைப் பூஜ்ஜியமாக வரைந்திருக்கிறது.

படிக்கட்டு வேறு கதை. ஃபைலின் அளவைப் பாருங்கள். 2,59,34,402 பைட் என்றால் சுமார் 30 மீட்டருக்கு ஒரு உயரம். 28,84,802 பைட் என்றால் 90 மீட்டருக்கு ஒன்று. ஆழியாறுக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளில் மேல் ரோடும் கீழ் ரோடும் ஒரே 90 மீட்டருக்குள் அடங்கிவிடும். கோடு வேறெப்படி வரும்? நம் பக்கத்து 30 மீட்டர் தரவு பொதுவில் கிடைத்ததே 2014க்குப் பிறகுதான். இதில் வம்பு என்னவென்றால் இரண்டுக்கும் ஒரே பெயர். பெயர் இருக்கிறதே என்று சாஃப்ட்வேர் புதிதாக இறக்காது. பழையதை நீங்களே அழிக்க வேண்டும்.

அளவையும் கண்மூடி நம்பாதீர்கள். 90 மீட்டர் தரவை ஊதிப் பெரிதாக்கி 30 என்று வைத்திருப்பவர்களும் உண்டு. மலைச்சரிவு மெழுகியது போல வழவழவென்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

நான் ஒரு நோட்டில் ஃபைல் பெயர், பைட், இறக்கிய தேதி, எங்கிருந்து என்று நாலு பத்தி போட்டு எழுதி வைக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் என் ஏற்றம் 33 கிலோமீட்டர் என்று காட்டியது. ரேடாருக்கு எட்டாத இடத்தில் ‘-32768’ என்று குறித்திருப்பார்கள். அந்தப் பள்ளத்திலிருந்து நான் ஏறி வந்ததாகக் கணக்கு. எந்த ஃபைல் என்று நோட்டைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தேன்.