பையனின் எக்ஸ்ரேயில் தெரிவது முறிவுதானா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பள்ளியில் ஓடும்போது வலது கால் மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே பார்த்த ஒரு டாக்டர், உள்பக்கக் கணுவின் நுனியில் ஒரு துண்டு தனியாக நிற்கிறது, முறிவு, மாவுக்கட்டு போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் வெறும் சுளுக்குதான் என்கிறார். எலும்புக்குக் குறுக்கே ஒரு கருப்புக் கோடும் தெரிகிறது. எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்பது என் மாமியாரின் கட்சி. யார் சொல்வதைக் கேட்பது? கால் வளர்ச்சி பாதிக்குமா?

பதில்: முதலில் அந்தக் கருப்புக் கோடு. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிக்குப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் பதியாது என்பதால் அந்த இடம் இடைவெளி மாதிரித் தெரியும். கணுக்காலில் இப்படி இரண்டு கோடுகள் இருக்கும். பெரிய எலும்பான டிபியாவில் மூட்டுக்குச் சற்று மேலே ஒன்று, வெளிப்பக்கத்து ஃபிபுலாவில் ஏறக்குறைய மூட்டு மட்டத்திலேயே ஒன்று. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதை ஒட்டியும் இவை மூடிக்கொள்ளும். 9 வயதில் அந்தக் கோடு இல்லாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

அடுத்து, அந்தத் துண்டு. சில பிள்ளைகளுக்கு உள்பக்கக் கணுவின் நுனி தனி எலும்பாகவே உருவாகி, பிறகு பெரிய எலும்போடு ஒட்டிக்கொள்ளும். அது எக்ஸ்ரேயில் தலைகாட்டுவது பெரும்பாலும் 7 முதல் 10 வயதுக்குள். உங்கள் மகனின் வயது சரியாக அதற்குள் வருகிறது. அப்படிப்பட்ட துண்டின் விளிம்பு உருண்டு, வழவழப்பாக இருக்கும். புதிதாக முறிந்த துண்டு கரடுமுரடாக இருக்கும், அதன் மேல் சதையும் வீங்கியிருக்கும்.

ஆனால் விளிம்பை விட முக்கியமான ஒன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீக்கம் வெளிப்பக்கம், துண்டு உள்பக்கம். அந்த உள்பக்க நுனியை விரலால் அழுத்தினால் பையனுக்கு வலிக்கிறதா? கொஞ்சமும் வலிக்கவில்லை என்றால் அது இப்போது உடைந்த துண்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அழுத்தும்போது காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறான் என்றால் மாவுக்கட்டு சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரில் யாராவது இப்படித் தொட்டுப் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. குழந்தைகளின் கணுக்கால் எக்ஸ்ரேயைப் படத்தை மட்டும் வைத்துப் படித்தால் இப்படித்தான் ஆளுக்கொரு கருத்து வரும். செல்போனில் வந்து விழும் எக்ஸ்ரே படங்களுக்கு நான் பதில் சொல்லத் தயங்குவதும் இதனால்தான்.

இன்னொரு காலையும் எடுத்து ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். சந்தேகம் தீராவிட்டால் எடுக்கலாம். இந்தத் தனித் துண்டு பல பிள்ளைகளுக்கு இரண்டு காலிலும் இருக்கும், ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. கதிர்வீச்சு பயம் வேண்டாம். ஒரு கணுக்கால் எக்ஸ்ரேயில் படுவது, இயற்கையாகச் சில மணி நேரத்தில் நம் மேல் படுகிற அளவுதான்.

இப்போது உண்மையிலேயே அடிபட்ட வெளிப்பக்கத்துக்கு வருவோம். கணு எலும்பின் நுனிக்குக் கீழேயும் முன்னேயும் வலி என்றால் ஜவ்வு இழுபட்டிருக்கும். நுனிக்கு ஒன்றிரண்டு விரற்கடை மேலே, எலும்பின் மேலேயே வலி என்றால் வளர்ச்சித் தட்டில் அடிபட்டிருக்கலாம். கனடாவில் டொராண்டோ நகரத்து எலும்பு மருத்துவர்களான சால்டரும் ஹாரிஸும் 1963-ல் இந்தக் காயங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். எலும்பு உடையாமல் தட்டு மட்டும் பிளக்கும் முதல் வகை, எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதனால் அந்த இடத்தில் வலி இருந்தாலே மாவுக்கட்டு போடுவது நெடுநாள் வழக்கம். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இருந்தது ஜவ்வுக் காயமும் எலும்புக் கன்றலும்தான் என்று தெரிந்தது. கழற்றி மாட்டும் பட்டையைப் போட்டுக்கொண்டு, வலி அனுமதிக்கிற அளவு நடந்தாலே இவர்களுக்குப் போதும்.

வளர்ச்சி பாதிக்குமா என்றால், ஃபிபுலாவின் இந்த முதல் வகைக் காயத்தில் அது மிக அரிது. நான் பயப்படுவது டிபியாவில், வளர்ச்சித் தட்டைக் கடந்து மூட்டுக்குள் இறங்கும் முறிவுகளுக்கு. மூட்டுப் பரப்பில் 2 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் பொதுவாக ஆபரேஷன் தேவைப்படும். கால் நேராக வளர்கிறதா என்று அதற்குப் பிறகும் ஓராண்டுக்காவது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். இதே கேள்வியை 13 வயதுப் பிள்ளையின் அம்மா கேட்டிருந்தால் என் பதில் இவ்வளவு நிம்மதியாக இருக்காது. அந்த வயதில் தட்டின் நடுப்பகுதி மூடத் தொடங்கிவிடும், வெளி ஓரம் கடைசியாகத்தான் மூடும். கால் திருகினால் அந்த ஓரம் துண்டாகப் பெயரும், சாதாரணச் சுளுக்கு என்று விடுபட்டும் போகும்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: நீவுவதும் வேண்டாம், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். நேராக, பக்கவாட்டில், காலைச் சற்று உள்ளே திருப்பி என மூன்று கோணத்திலும் எடுத்த படங்களோடு, பையனையும் கூட்டிக்கொண்டு ஓர் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நாலு அடிகூட ஊன்ற முடியவில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன, உள்பக்கமும் வீங்குகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். மற்றபடி வலி குறைந்துகொண்டே வந்தால் சரி. பத்துப் பதினைந்து நாள் ஆகியும் எலும்பின் மேல் வலி அப்படியே நின்றால் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் படத்தில் மறைந்திருந்த முறிவு, எலும்பு கூடத் தொடங்கியதும் அதில் தெரிந்துவிடும்.