கேள்வி பதில்: பாலைப் புல்லின் வேரும் மண்ணின் உயிர்களும்

காட்பாடி: சார், ராஜஸ்தான் சூட்டுக்கு முன்னால் நம்ம கத்திரி வெயில் ஒன்றுமே இல்லை. அங்கே புல் எப்படித் தப்பிக்கிறது?

மேலே காய்ந்திருப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஜெய்சல்மேர் பக்கத்துச் சேவண் புல் தழை கருகினாலும் தூரும் வேரும் உயிரோடு கிடக்கும். மழை பட்டதும் துளிர்க்கும். இப்படிப்பட்ட பாலைப் புற்கள் பலவற்றின் வேர், மணலால் சட்டை போட்டதுபோல இருக்கும். வேர்த்தூவிகள் மணலைப் பிடிக்க, வேரும் பாக்டீரியாவும் கசியும் கோழை அதை ஒட்டவைக்கும். மண் காய்ந்து சுருங்கினாலும் வேருக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் விழாது. வேரின் ஈரமும் சட்டென்று போகாது. காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாவும் அதற்குள்ளேயே குடியிருக்கும். எகிப்துப் பாலைப் புற்களில் இதைப் பார்த்து 1887லேயே ஜெர்மன் தாவரவியலாளர் ஃபோல்கென்ஸ் எழுதிவிட்டார்.

குடியாத்தம்: கோடையில் நுண்ணுயிர்கள் செத்துவிடாதா?

நிறையச் சாகும். பாசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் வித்தாக மாறி உறங்கும். வேறு சில, உடலுக்குள் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்த்து நீரைப் பிடித்துவைக்கும். அவற்றுக்குக் கண்டம் முதல் மழையில்தான். தண்ணீர் திடீரென்று உள்ளே பாய்வதால் சில வெடிக்கும்; மற்றவை சேர்த்ததை அவசரமாக வெளியே கொட்டும். பிழைத்தவை அதைத் தின்று பெருகும்போது கரியமில வாயு குபுகுபுவென்று கிளம்பும், தழைச்சத்தும் (நைட்ரஜன்) விடுபடும். 1958ல் விவரித்தவர் பெயரால் இது பர்ச் விளைவு. அப்போது பயிரோ புல்லோ இல்லாவிட்டால் அந்தச் சத்து அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும்.

ஒடுகத்தூர்: காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா உரமான அசோஸ்பைரில்லத்தை மே மாதமே தூவலாமா?

கூடாது, காய்ந்த மண்ணில் வெயில் பட்டால் நிறையச் செத்துவிடும். தொழுவுரத்தில் கலந்து, ஈர மண்ணில், சாயங்காலம் தூவுங்கள்.

கே.வி.குப்பம்: மாமரத்தில் பூ கொட்டுகிறது.

தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆற்காடு: வரப்புப் புல்லைக் கொளுத்தினால் சாம்பல் உரமாகும் என்கிறார் மாமா.

பாதி உரம். சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் தங்கும். தழைச்சத்து புகையோடு போகும்.

அணைக்கட்டு: நான் வருஷா வருஷம் கொளுத்துகிறேன் சார். புல் திரும்ப வருகிறது, மல்லாட்டையும் (நிலக்கடலை) விளைகிறது. சும்மா பயமுறுத்தாதீங்க.

புல் வரும், மறுக்கவில்லை. புல் தீ வேகமாக ஓடிவிடும். சூடு ஆழமாக இறங்காது. ஆனால் மண்ணைப் போர்த்தியிருக்கும் மூடாக்கு போய்விடுகிறதே! மேல்மண் நேர் வெயிலில் வேகும், கனமழையில் வரப்பு கரையும்.

அணைக்கட்டு: அப்போ புல்லில் பதுங்கும் பாம்புக்கு என்ன வழி?

அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். கொழுக்கட்டைப் புல்லை எந்த மாடு வேண்டாம் என்கிறது? வேரை மட்டும் தொடாதீர்கள்.

ஆம்பூர்: காய்ந்த மண்ணில், மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா போடலாமா?

ஒடுகத்தூருக்குச் சொன்னதேதான். பாக்கெட்டில் பெயர் மாறினால் வெயில் மாறாது.

வாலாஜா: பாலாற்று மணலில் முளைக்கும் புல்லிலும் அந்த மணல் உறையைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், கம்பு, சோளத்திலும்கூட உண்டு. ஈரத்தில் எல்லா மண்ணும் ஒட்டும். காய்ந்தபின் மெதுவாகக் கெல்லி எடுத்து உதறுங்கள். உதிராமல் நிற்பதுதான் உறை.