ஃபீஸ் கட்டும் அப்பாவுக்குக் கவுன்சலர் எதைச் சொல்லலாம்?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. போன செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. நாங்களேதான் ஒரு கவுன்சலரிடம் அழைத்துப் போனோம். ஐந்து முறை போயாகிவிட்டது. என்ன பிரச்சினை என்று கேட்டால், "அதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும்" என்கிறார். ஃபீஸ் கட்டுவது நான். வேறு ஆளைப் பார்க்கலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக ஆளை மாற்றாதீர்கள். அவர் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்.

பணம் உங்களுடையதுதான். ஆனால் அவரிடம் உட்கார்ந்து பேசுவது உங்கள் மகள். அவள் 18 வயதைத் தாண்டியவள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23-ஆம் பிரிவில், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காப்பது சிகிச்சை தருபவரின் கடமை என்கிறது. அரியர் கவலை அளவுக்குச் சட்டம் வராது என்று யாராவது வாதாடலாம். வாதாடட்டும். தொழில் அறம் நோயின் அளவைப் பார்ப்பதில்லை.

எனக்கும் இப்படிப் போன் வரும். "விவரம் வேண்டாம் மேடம், லவ் ஏதாவது இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க" என்பார்கள். "இல்லை" என்று சொல்வதில் என்ன தப்பு என்று தோன்றும். இன்று "இல்லை" என்று சொல்லிவிட்டால், நாளை நான் பதில் சொல்லாமல் இருப்பதே "ஆமாம்" என்று ஆகிவிடும். அதனால் எந்தப் பக்கமும் வாய் திறப்பதில்லை. அப்பா போன் செய்ததை மட்டும் பிள்ளையிடம் சொல்லிவிடுவேன்.

இந்த ரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்றவற்றை அதே பிரிவு விலக்காகச் சொல்கிறது. அப்போதும் ஆபத்தைத் தடுக்கத் தேவையானதை மட்டும்தான் சொல்லலாம். மொத்தக் கதையையும் அல்ல. இந்த விலக்குகளை முதல் நாளே உங்கள் மகளிடம் அவர் விளக்கியிருக்க வேண்டும். (18 வயதுக்குட்பட்ட பிள்ளை பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால் விஷயமே வேறு. போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.)

நீங்கள் தாராளமாகக் கேட்கக்கூடியவை உண்டு. என்ன படித்திருக்கிறார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளும் நிலைதான் நம் ஊரில் இருந்துவந்திருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் உடனே காட்டிவிடுவார்.

அப்புறம், வீட்டில் நீங்கள் பார்ப்பதை அவரிடம் சொல்லலாம். சாப்பாடு குறைந்தது, தூக்கம் கெட்டது எல்லாம் அவருக்குத் தேவையான தகவல். அவர் கேட்டுக்கொள்வது விதிமீறல் ஆகாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். மருந்து எழுதித் தருவது கவுன்சலர் வேலை அல்ல.

மகள் சம்மதித்தால், அடுத்த முறை மூன்று பேருமாக உட்காரலாம். எதைப் பேசுவது என்பதை முன்கூட்டியே அவளும் கவுன்சலரும் முடிவு செய்துகொள்வார்கள். அதற்குள் "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி அவள் வாயில் வந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவளைத் தனியே விடாமல், உடனே கவுன்சலரைக் கூப்பிடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். கையை மீறிப் போகிறது என்று தோன்றினால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.