நவம்பர் மேட்சுக்கு யார் எழுந்திருப்பது? என்.பி.ஏ. கோப்பை கேள்வி பதில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ., சீசனுக்கு நடுவே இந்தக் கோப்பைப் போட்டியைத் தொடங்கி மூன்று வருடம் ஓடிவிட்டது. 2023-ல் லேக்கர்ஸ், 2024-ல் பக்ஸ், 2025-ல் நிக்ஸ் என்று மூன்று அணிகள் கோப்பையைத் தூக்கிவிட்டன. "இது தேவையா?" என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்கு இந்தப் போட்டி பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஒருபக்கமாகப் பேசுகிறாய் என்று கோபிக்கக் கூடாது.

கே: இந்த வருஷம்தான் பாக்க ஆரம்பிச்சேன் சார். இந்தக் கப் தனி டோர்னமென்டா, லீக் மேட்சா? ஒண்ணும் புரியல. (மதுரை)

இரண்டும்தான், குழப்பமே அங்கேதான். 30 அணிகளையும் ஐந்து ஐந்தாக ஆறு குரூப்பாகப் பிரிக்கிறார்கள், கிழக்கில் மூன்று, மேற்கில் மூன்று. குரூப்பில் ஒவ்வொருவருடனும் ஒரு மேட்ச், ஆக நான்கு. குரூப் முதலிடம் ஆறு பேர், இரண்டாம் இடத்தில் வந்தவர்களில் ஒவ்வொரு பக்கத்திலும் சிறந்தவர் ஒருவர், மொத்தம் எட்டு அணி காலிறுதிக்குப் போகும். அதிலிருந்து தோற்றால் வீட்டுக்கு.

இந்த மேட்செல்லாம் வழக்கமான 82 லீக் மேட்சுக்குள்ளேயே அடங்கிவிடும். சீசன் அட்டவணையை 80 மேட்சோடுதான் வெளியிடுவார்கள், மிச்சம் இரண்டும் கப்பில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு நிரப்பப்படும். இறுதிப் போட்டி மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. அது 83-வது மேட்ச்.

கே: ஃபைனல் கணக்குலயே வராதுன்னா அப்புறம் எதுக்கு ஃபைனல்? (சேலம்)

நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் 9, லாஸ் வேகஸ். பேசர்ஸுக்கு எதிராக லேக்கர்ஸின் ஆந்தனி டேவிஸ் 41 புள்ளி, 20 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). லேக்கர்ஸ் 123-109 என்று ஜெயித்தது. அந்த 41-ம் 20-ம் அவருடைய சீசன் புள்ளிவிவரத்தில் கிடையாது. பக்கத்தைத் திறந்து பார்த்தால் அப்படி ஒரு மேட்ச் நடந்த சுவடே இருக்காது.

காரணம் இதுதான்: சேர்த்துக்கொண்டால் இரண்டு அணிகளுக்கு 83, மற்றவர்களுக்கு 82 என்று பட்டியல் கோணலாகும். எனக்கென்னவோ, வெற்றி தோல்வியை விட்டுவிட்டு ஆட்டக்காரரின் தனிக் கணக்கிலாவது சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. வியர்வை சிந்தி ஆடியதைக் கணக்கில் எழுதாமல் விடுவது மளிகைக் கடையில்கூட நடக்காது.

கே: லெப்ரானுக்குச் சம்பளமே 4 கோடி டாலருக்கு மேல. 5 லட்சம் டாலருக்கு அவர் ஓடுவாராண்ணா? சும்மா கதை விடாதீங்க. (கோவை, கல்லூரி மாணவர்)

தம்பி, லெப்ரான் மாதிரிப் பெரிய நட்சத்திரத்துக்காக வைத்த பணம் இல்லை அது. பெஞ்சின் கடைசியில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்காக.

முதல் வருடம் ஜெயித்த அணியில் ஆளுக்கு 5 லட்சம் டாலர், ஃபைனலில் தோற்றவர்களுக்கு 2 லட்சம், அரையிறுதியில் நின்றவர்களுக்கு 1 லட்சம், காலிறுதியில் நின்றவர்களுக்கு 50 ஆயிரம். அதே சீசனில் புதிதாக வந்தவருக்கான குறைந்தபட்சச் சம்பளம் சுமார் 11 லட்சம் டாலர்தான். அதாவது ஏழு மேட்சில் பாதி வருடச் சம்பளம். டூ-வே ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு, மேல் அணிக்கும் கிளை அணிக்கும் நடுவில் அல்லாடும் பையன்களுக்கானது. அவர்களுக்கும் இதில் பாதிப் பங்கு வரும், அவர்களுடைய சம்பளத்துக்கு அதுவே பெரிய தொகை.

அந்தப் பையன்கள் தினமும் லெப்ரான் கூடவே சாப்பிடுகிறார்கள், பஸ்ஸில் வருகிறார்கள். கண் முன்னால் இருக்கிறவனுக்கு வீடு வாங்கிக் கொடுக்க முடியும் என்றால் பெரிய மனுஷன் ஓடத்தான் செய்வான். ஓடவும் செய்தார். அவருடைய லேக்கர்ஸ் அந்தக் கப்பில் ஏழுக்கு ஏழு, அரையிறுதியில் பெலிகன்ஸை 133-89 என்று நசுக்கினார்கள், தொடர் நாயகன் விருதும் லெப்ரானுக்கே.

கே: 30 பாயின்ட் முன்னாடி இருக்கும்போதும் ஷாட் போட்டுக்கிட்டே இருக்காங்க. இது அசிங்கமா இல்லையா? ஆட்ட நாகரிகம்னு ஒண்ணு இருக்கே. (சென்னை, முன்னாள் பி.டி. ஆசிரியர்)

ஐயா, நீங்கள் சொல்வது பழைய தர்மம். முன்னணி கைக்கு வந்தபின் கடைசி நொடிகளில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைப்பதுதான் மரியாதை என்று நாமும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். இங்கே இரண்டுக்கு மேற்பட்ட அணிகள் சமமாக நின்றால் புள்ளி வித்தியாசம் பார்க்கிறார்கள். ஐ.பி.எல். நெட் ரன் ரேட் கணக்குப் போட்டுப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. அமெரிக்கர்களுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

2023 நவம்பர் 28, பாஸ்டன். செல்டிக்ஸ் மேலே போக வேண்டுமென்றால் புல்ஸை ஜெயித்தால் மட்டும் போதாது, குறைந்தது 23 புள்ளியில் ஜெயிக்க வேண்டும். நான்காவது குவார்ட்டர், வித்தியாசம் 30-ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அப்போதும் செல்டிக்ஸ் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃப்ரீ த்ரோ (ஃபௌலுக்குப் பதிலாகக் கிடைக்கும் தடையில்லாத வீச்சு) சரியாகப் போடத் தெரியாத புல்ஸின் ஆண்ட்ரே டிரமண்டைப் பந்தே இல்லாத இடத்தில் பிடித்துப் பிடித்து ஃபௌல் செய்தார்கள். அவர் கோட்டில் நின்று தவறவிட, பந்து திரும்ப இவர்களுக்கு. புல்ஸ் கோச் பில்லி டோனவனுக்குக் கடுப்பு. செல்டிக்ஸ் கோச் ஜோ மஸூல்லா அவரிடம் போய் நிலைமையை விளக்க வேண்டியதாயிற்று. 124-97, செல்டிக்ஸ் உள்ளே.

அதற்கு நான்கு நாள் முன்பு டொரான்டோவில் இதே காரணத்துக்காக புல்ஸ் ஆட்டக்காரர் டிமார் டிரோசன் எதிரணி கோச்சைப் பார்த்துக் கத்தி வெளியேற்றப்பட்டார்.

அசிங்கம்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் நவம்பர் மாதம், ஜெயித்து முடித்துவிட்ட மேட்ச், கடைசி நாலு நிமிடம். வேறு எந்த வருடத்திலாவது அதை நான் எழுந்து நின்று பார்த்திருப்பேனா? அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதுகூடத் தெரியவில்லை. ஒரு திருத்தம் 2024-ல் வந்தது: ஓவர்டைம் புள்ளிகளை வித்தியாசக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சரியான முடிவு.

கே: அந்தக் கலர் கோர்ட்? (பலர்)

கப் மேட்சுக்கென்றே போடும் கலர் தரையைத்தானே கேட்கிறீர்கள்? கண் கூசுகிறது. குறிப்பாகச் சிவப்பு. வழுக்குகிறது என்று 2023-லேயே செல்டிக்ஸின் ஜெய்லன் பிரவுன் புகார் சொன்னார். டிவியைத் திருப்பிய நொடியே இது கப் மேட்ச் என்று தெரிகிறது, அந்த ஒரு லாபம் உண்டு. சறுக்கி ஒருவர் முட்டியை உடைத்துக்கொண்டால் அந்த லாபம் தேவையில்லை.

கே: நாங்க ஸ்கார்பரோ. 2025-ல ராப்டர்ஸ் குரூப்ல நாலுக்கு நாலு. காலிறுதி எங்கட ஊரில நடந்தது, சத்தம் காதைப் பிளந்தது. வெண்டிருந்தாலும் அரையிறுதிக்கு வேகஸ் போக எங்களிட்ட காசு ஏது? (டொரான்டோ, ஒரு குடும்பத் தலைவி)

அக்கா, இந்தப் போட்டியின் பெரிய ஓட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். மூன்று வருடமும் குரூப் ஆட்டமும் காலிறுதியும் சொந்த ஊரில் தீயாக இருந்தன. அரையிறுதி வந்ததும் எல்லாரையும் மூட்டை கட்டி வேகஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் இல்லை. இதை லீக்கும் உணர்ந்துவிட்டது. 2026 முதல் அரையிறுதியும் சொந்த மைதானத்தில் என்று அறிவித்திருக்கிறார்கள்.

உங்களை 117-101 என்று வெளியேற்றிய நிக்ஸ்தான் கடைசியில் கோப்பையும் எடுத்தது. ஃபைனலில் ஸ்பர்ஸுக்கு எதிராக 28 புள்ளி போட்டவர் ஓஜி அனுனோபி, ஒரு காலத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை. அதைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பியதற்கு மன்னிக்கவும்.

கே: லேக்கர்ஸ் கூரையில கொடி தொங்க விட்டாங்க. நிக்ஸ் மாட்டேன்னுட்டாங்க. யார் செஞ்சது சரி? (திருச்சி)

கப்பை ஜெயித்தபோது, நிக்ஸ் அதற்கு முன் கடைசியாக என்.பி.ஏ. பட்டம் வென்றிருந்தது 1973-ல். அவ்வளவு காலம் காத்திருந்த ஊரில், டிசம்பரில் கொடி ஏற்றினால் மானம் போகும் என்று நினைத்திருப்பார்கள். லேக்கர்ஸிடம் 17 பட்டம் கிடக்கிறது, கூட ஒன்றைத் தொங்கவிட அவர்களுக்கு என்ன கூச்சம்? என்னைக் கேட்டால் ஜெயித்ததைத் தொங்கவிட வேண்டும், சின்னதாகவாவது.

கே: கப் ஜெயிச்சா பிளேஆஃப்ல ஊத்திக்கும்னு சொல்றாங்களே, ராசியில்லையா? (ஈரோடு)

முதல் இரண்டு வருடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். லேக்கர்ஸும் சரி, பக்ஸும் சரி, அந்தந்த சீசன் பிளேஆஃபில் (சீசன் முடிவில் என்.பி.ஏ. பட்டத்துக்காக நடக்கும் நாக் அவுட் சுற்றுகள்) முதல் சுற்றிலேயே 4-1 என்று வெளியே. தோற்றவர்களைப் பாருங்கள், அங்கேதான் சுவாரசியம். 2024 கப் ஃபைனலில் தண்டர் தூரத்திலிருந்து எறிந்த 32-ல் 5-தான் உள்ளே போயின, மொத்தமே 81 புள்ளி. அதே தண்டர் ஆறு மாதத்தில் சாம்பியன். அந்த இறுதித் தொடரில் எதிரே நின்றது, முதல் கப் ஃபைனலில் தோற்ற பேசர்ஸ்.

அந்த முதல் கப்புக்கு முன் பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டனை எத்தனை பேருக்குத் தெரியும்? அப்போது பேசர்ஸ் மேட்சை நாடு முழுக்க அநேகமாக யாரும் ஒளிபரப்பியதில்லை. பக்ஸுக்கு எதிரான கப் அரையிறுதியில் 27 புள்ளி, 15 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி போட உதவும் பாஸ்), ஒரு பந்துகூடக் கைநழுவவில்லை. கடைசியில் பக்ஸ் நட்சத்திரம் டேமியன் லில்லர்டின் கண் முன்னாலேயே, லில்லர்டின் வழக்கமான மணிக்கட்டைத் தட்டிக் காட்டும் சைகையைச் செய்தார். ராசியெல்லாம் இல்லை, இளம் அணிகளுக்கு இது ஒத்திகை.

கே: ஐரோப்பாவைப் பார்த்து காப்பி அடிச்சதுதானே? (புதுச்சேரி)

ஆமாம், ஒளிக்கவும் இல்லை. பாதிதான் அடித்தார்கள் என்பதுதான் என் குறை. ஸ்பெயினில் கூடைப்பந்துக் கோப்பையான கோபா டெல் ரே: எட்டு அணி, ஒரே ஊர், நாலு நாள், முடிந்தது. எட்டு ஊர் ரசிகர்களும் ஒரே தெருவில் தாரை தப்பட்டையோடு. திருவிழா. வேகஸில் ஊரைக் கடன் வாங்கினார்கள், கூட்டத்தைக் கொண்டுவர மறந்தார்கள்.

கே: பெண்கள் லீக்ல இது இல்லையா? (நாகர்கோவில்)

ஆண்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கமிஷனர்ஸ் கப், 2021, முதல் வெற்றி சியாட்டில் ஸ்டார்ம். அப்போது மொத்தப் பரிசே 5 லட்சம் டாலர். ஆண்கள் அணியில் ஒரே ஆளுக்குக் கிடைத்த தொகை அது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

கே: நம்ம ஊர் நேரத்துக்கு எப்போ பாக்கறது? ஆபீஸ் போகணும். (சென்னை)

குரூப் மேட்ச் பெரும்பாலும் அங்கே செவ்வாய், வெள்ளி இரவு. நமக்கு புதன், சனி காலை. கிழக்குக் கரை மேட்ச் 5.30 வாக்கில் தொடங்கும், லேக்கர்ஸ் மாதிரி மேற்குக் கரை என்றால் 8.30. புதன்கிழமையை மறந்துவிடுங்கள், ஸ்கோர் மட்டும் பாருங்கள். சனிக்கிழமை 5.30-க்கு அலாரம் வையுங்கள். வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், டிவி சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார வேண்டாம்.