கார் சொல்லும் எச்சரிக்கைக்கு 400 யூரோவா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். 2020 மாடல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 8 ஒன்றை செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருக்கிறேன். அதில் 'கார்2எக்ஸ்' இருக்கிறதாம், முன்னால் ஆபத்து என்றால் மற்ற கார்களே சொல்லிவிடுமாம். அதற்காக 400 யூரோ கூடுதலாகக் கேட்கிறார் விற்பவர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஐரோப்பாவில் கோல்ஃப் 8 வாங்கியவர்களுக்கு அது காரோடு சேர்ந்தே வந்த வசதி. ஸ்டியரிங்குக்குத் தனிக் காசு கேட்பது மாதிரி இருக்கிறது.

வசதி பொய்யில்லை. 5.9 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் இயங்கும், வைஃபைக்கு ஒன்றுவிட்ட தம்பி. சிம் வேண்டாம், மாதக் கட்டணம் கிடையாது, டவர் இல்லாத இடத்திலும் காருக்குக் கார் நேரடியாகப் பேசும். 800 மீட்டர் வரை எட்டும் என்கிறது நிறுவனம். அந்த 'வரை'யைக் கவனியுங்கள்! நடுவில் ஒரு கன்டெய்னர் லாரியோ, தெருமுனையில் கான்கிரீட் கட்டடமோ வந்தால் தூரம் சட்டென்று குறையும். இந்தக் கருவி தண்டோரா போடுகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே போகும். கேட்டதா என்று விசாரிக்காது. திரும்பத் திரும்பச் சொல்வதால் ஒன்றிரண்டு தவறினாலும் பாதகமில்லை.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். எதிர் வண்டியிலும் அந்தக் கருவி இருந்தாக வேண்டும். வளைவுக்கு அப்பால் பழுதாகி நிற்பது பதினைந்து வருஷத்துப் பழைய கார் என்றால் உங்கள் திரையில் ஒன்றும் வராது. செல்போன் தொழில்நுட்பத்திலிருந்து வந்த சி-வி2எக்ஸ் கருவி பொருத்திய காரோடும் பேச முடியாது. அலைவரிசை ஒன்று, பாஷை வேறு. அமெரிக்காவில் 2017 காடிலாக் சிடிஎஸ் வாங்கியவர்களுக்கு இதில் நல்ல அடி. 2020-ல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, கார்கள் பேசிக்கொள்ள அங்கே ஒதுக்கியிருந்த 75 மெகாஹெர்ட்ஸில் 45-ஐ வைஃபைக்குக் கொடுத்து, மீதி 30-ஐ சி-வி2எக்ஸுக்கு ஒதுக்கியது. அவர்கள் காரில் இருந்ததோ வைஃபை வகையான பழைய பாஷை.

இன்னொன்று, கோல்ஃபில் இந்தச் செய்தி வந்தால் திரையில் எச்சரிக்கை காட்டும், அவ்வளவுதான். தானாகப் பிரேக் பிடிப்பது ரேடாரையும் கேமராவையும் நம்பிய வேறு ஏற்பாடு. அந்தக் கேமரா இருப்பது முன் கண்ணாடிக்குப் பின்னால். அதனால் விலை பேசுமுன், முன் கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், கேமராவை மறுபடி காலிபரேட் செய்த, அதாவது அதன் பார்வையைச் சரியாக அளந்து பொருத்திய, பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.