பேசினால் வேலை போகுமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். காசா போரைப் பற்றி ஃபேஸ்புக்கில் காரசாரமாக எழுதுகிறாள். கேட்டால், "இங்கே பேச்சுரிமை இருக்கும்மா, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறாள். எனக்கோ பயம். எழுதாதே என்று சொல்லிவிடட்டுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள் அம்மா. ஆனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் நம்பியிருப்பதும் சரியில்லை. உரிமை இருக்கும்போதே வேலை போகும். போயிருக்கிறது.

மகள் சொல்லும் உரிமை உண்மையானதுதான். இல்லினாய் மாநிலத்தில் மார்வின் பிக்கரிங் என்ற பள்ளி ஆசிரியர், படிப்புக்கும் விளையாட்டுக்கும் நிர்வாகம் பணத்தைப் பங்கிடும் விதம் சரியில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வேலையிலிருந்து நீக்கினார்கள். 1968-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பொது விஷயத்தில் குடிமகனாகப் பேசியதற்காக அரசு ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்றது. ஆனால் அந்தப் பேச்சால் பணி எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதையும் எடைபோட வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னது. வம்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டீவன் சலைட்டாவுக்கு நடந்ததை மகளிடம் சொல்லுங்கள். வர்ஜீனியா டெக்கில் நிரந்தரப் பேராசிரியராக இருந்தவர். 2013 அக்டோபரில் இல்லினாய் பல்கலைக்கழகம் அமெரிக்கப் பழங்குடி ஆய்வுத் துறைக்கு அவரை அழைத்தது. அதுவும் நிரந்தரப் பதவி. ஒப்புக்கொண்டு பழைய வேலையை விட்டார். 2014 கோடையில் காசாவில் குண்டு விழுந்தபோது ட்விட்டரில் இஸ்ரேலைக் கடுமையாகத் திட்டி எழுதினார். சில வரிகள் எனக்கே உவப்பில்லாதவை. நன்கொடையாளர்கள் வேந்தருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள், இனிப் பணம் தரமாட்டோம் என்று. ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் வேளையில், நியமனம் கிடையாது என்று கடிதம் வந்தது. செப்டம்பரில் அறங்காவலர் குழு 8-க்கு 1 என்று அதை உறுதிசெய்தது. எதிர்த்து வாக்களித்தவர் ஜேம்ஸ் மான்ட்கோமரி ஒருவர்தான்.

வழக்குப் போட்டார். குழு ஒப்புதல் தராததால் ஒப்பந்தமே இல்லை என்று பல்கலைக்கழகம் வாதாடியது. நீதிபதி அதை ஏற்கவில்லை. கடைசியில் 2015 நவம்பரில் 8,75,000 டாலருக்குச் சமரசம். அதில் 6 லட்சம் அவருக்கு, மிச்சம் வழக்குச் செலவுக்கு. வேலை மட்டும் திரும்ப வரவில்லை. பெய்ரூட்டில் கொஞ்ச காலம் கற்பித்தார். அப்புறம் சில ஆண்டுகள் எந்தக் கதவும் திறக்கவில்லை. வாஷிங்டன் பக்கம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அது கௌரவமான வேலைதான். ஆனால் ஒரு அறிஞரை வகுப்பறையிலிருந்து துரத்தியது துரத்தியதுதானே?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆணையில் 'உன் கருத்துக்காக' என்று யாரும் எழுதமாட்டார்கள். சலைட்டாவுக்கு 'நாகரிகக் குறைவு' என்றார்கள். கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வார்ட் சர்ச்சில், செப்டம்பர் 11 தாக்குதல் பற்றி எழுதிய கட்டுரை 2005-ல் புயலைக் கிளப்பியது. 2007-ல் அவரை நீக்கியபோது சொன்ன காரணம் ஆய்வு முறைகேடு. கட்டுரையும் ஒரு காரணம்தான் என்று 2009-ல் ஜூரிகள் கண்டார்கள். கொடுத்த இழப்பீடு 1 டாலர். அதையும் நீதிபதி ரத்து செய்தார், மேல்முறையீட்டிலும் அவருக்குத் தோல்வி.

பேராசிரியரை அன்றாடம் காப்பது பணிப்பாதுகாப்பு என்பதே என் உறுதியான கருத்து. நான் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தியவன். தாளாளர் வராந்தாவில் வருகிறார் என்றால் ஆசிரியர் அறையில் அரசியல் பேச்சு பாதியில் நிற்கும். பிரித்த பேப்பரை மடித்துவிடுவோம். எந்தச் சட்டமும் எங்களைப் பேசாதே என்று சொல்லவில்லை. ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டுமே, அந்தப் பயம்தான்.

உங்கள் மகளின் பணி இன்னும் நிரந்தரமாகவில்லை என்றால் ஆண்டு மதிப்பீட்டுக் கடிதங்களை எல்லாம் பத்திரப்படுத்தட்டும். சொந்தக் கணக்கில், சொந்த போனில் எழுதட்டும். பல்கலைக்கழக மின்னஞ்சல் வேண்டாம். பேராசிரியர் சங்கம் இருந்தால் சேரட்டும். எச்-1பி விசா என்றால் இதையும் கணக்கில் வையுங்கள்: வேலை போனால் அடுத்ததைத் தேட அதிகபட்சம் 60 நாள்தான்.

கேள்வி: தனியார் பல்கலைக்கழகங்களில்?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியாரிடம் ஒப்பந்தம்தான் துணை. மார்க்கெட் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், ஓரினத் திருமணம் பற்றிய வகுப்புத் தகராறில் இன்னொரு ஆசிரியரைப் பெயர் சொல்லி இணையத்தில் சாடியதற்காக ஜான் மக்காடம்ஸ் என்ற பழமைவாதப் பேராசிரியரை இடைநீக்கம் செய்தது. கல்விச் சுதந்திரம் உண்டு என்று பல்கலைக்கழகம் தானே ஒப்பந்தத்தில் உறுதி தந்திருந்ததால் 2018-ல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில் அவர் வென்றார்.

கேள்வி: இனவெறி பேசும் பேராசிரியரையும் காப்பாற்ற வேண்டும் என்கிறீர்களா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆமாம், கசப்போடு சொல்கிறேன். 1900-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரை வெளியேற்றியவர் அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜேன் ஸ்டான்ஃபோர்ட். அவர் குடும்பச் சொத்து ரயில்வேயில் வந்தது. ராஸ் ரயில் முதலாளிகளைச் சாடினார். கூடவே ஜப்பானியர் குடியேறக் கூடாது என்று கேவலமாகவும் பேசினார். அவருக்காகச் சில சக ஆசிரியர்கள் ராஜினாமா செய்தார்கள். அவர்களில் ஒருவரான ஆர்தர் லவ்ஜாய், ஜான் டூயி போன்றவர்களோடு சேர்ந்து 1915-ல் அமெரிக்கப் பேராசிரியர்கள் சங்கத்தைத் தொடங்கினார். நூறு ஆண்டு கழித்து, சலைட்டாவுக்காக இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீது கண்டனம் நிறைவேற்றியதும் அதே சங்கம்தான். ராஸை மட்டும் கைவிட்டுவிடலாம் என்று அன்று இருந்திருந்தால் சலைட்டாவுக்குப் பேச ஆள் இருந்திருக்காது.

வகுப்பில் ஒரு மாணவரை இனம் பார்த்து நடத்தினாரா, மதிப்பெண்ணில் கை வைத்தாரா? அதை விசாரியுங்கள், நிரூபணமானால் தண்டியுங்கள். விசாரிப்பவர்கள் சக பேராசிரியர்களாக இருக்கட்டும். செக்புக்கோடு வருபவர்களுக்கு அந்த அறையில் நாற்காலி போட வேண்டாம்.