கல்லூரிக் கூடைப்பந்தின் வளர்ச்சியும் பந்தைக் கையாளும் திறனும்

வேலூரில் கல்லூரி முதலாண்டு பயிலும் ஒருவர், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இத்தனை புகழ்பெற்றது எப்படி என்றும், இடது கையில் பந்து நிற்காத தமக்கு என்ன வழி என்றும் கேட்டிருக்கிறார்.

1939-இல் 8 அணிகளுடன் தொடங்கிய அந்நாட்டுக் கல்லூரிப் போட்டித்தொடர், அன்றைய கல்லூரி நட்சத்திர வீரர்களான மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் மோதிய 1979 இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பெருந்திரளானோர் பார்த்தபின் புதிய உயரத்தை எட்டியது. 1985-இல் 64 அணிகளாக விரிந்ததும் சிறிய கல்லூரிகள் பெரியவற்றை வீழ்த்தும் வாய்ப்பும் பெருகியது.

இரண்டாம் கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டத்தின் 13 விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதற்கு இடமே இல்லை. அது பின்னால் வீரர்கள் கண்டெடுத்த கலை.

உள்ளங்கையால் அறையாமல், விரல்களை விரித்து அவற்றின் சதைப்பகுதியால் பந்தைத் தரையை நோக்கித் தள்ளுங்கள். முழங்கால் மடங்கியிருக்க, பந்து இடுப்புக்குக் கீழேயே எழ, பார்வை மட்டும் எதிராளியின் மீது நிலைக்க வேண்டும். வலது கைக்குச் செலவிடும் நேரத்தைப்போல் இரு மடங்கை இடது கைக்குக் கொடுங்கள். முதலில் நின்ற இடத்தில், பிறகு நடந்தபடி, அதன்பின் வேகத்தைத் திடீரென மாற்றியபடி. வேகத்தை மாற்றுவதுதான் எதிராளியை உண்மையில் ஏமாற்றுகிறது என்பது என் உறுதியான கருத்து.

வேலூரின் கோடை வெயிலில் திறந்தவெளி சிமென்ட் தளம் கொதிக்கும் என்பதால், விடியற்காலையில் பழகுங்கள். அத்தளத்தில் தோல் பந்து விரைவில் தேய்ந்துவிடும். ரப்பர் பந்தே போதும்.